லோயர் கேம்ப் சாலைத் தேநீர்க் கடை: கூடைப்பந்தில் தலைசிறந்தவர் யார் என்று பேசுவதற்கு ஓர் இடம்

கம்பத்திலிருந்து குமுளிக்குச் செல்லும் சாலையில், கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் வருவதற்குச் சற்று முன்னால், இடதுபுறம் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் அங்கே நின்றுவிட்டுத்தான் மலையேறும் என்பதால் நாலரை மணிக்கே அடுப்பு பற்றிவிடுகிறது. கடந்த நான்கு மாதங்களில் பன்னிரண்டு முறையாவது அங்கே போயிருக்கிறேன். தேநீருக்காக மட்டும் போகவில்லை. அமெரிக்காவில் இரவில் நடக்கும் என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் ஆட்டங்கள் நமக்கு விடியற்காலையில் வருகின்றன. இறுதித் தொடரின் ஆட்டங்கள் பெரும்பாலும் காலை ஆறு மணியளவில் தொடங்கும். அந்த நேரத்தில் இந்தக் கடையின் தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடும். கூடவே, இதுவரை ஆடியவர்களிலேயே தலைசிறந்தவர் யார் என்ற வாதமும் ஓடும்.

கூடைப்பந்து இந்தப் பக்கத்துக்குப் புதிதன்று. இதே தேனி மாவட்டத்தின் பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் இருக்கிறார்கள். அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் அந்த ஆட்டங்களைப் பார்த்த நினைவு எனக்கும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள கேரளமோ பெண்கள் கூடைப்பந்தில் நாட்டின் முன்னணி மாநிலங்களுள் ஒன்று. ஆகவே தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் அந்தப் பெஞ்சில் ஆட்டம் தெரியாமல் பேசுபவர் குறைவு.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். தேநீர் 12 ரூபாய். தோட்டத்தில் வாங்கிய உடைந்த ஏலக்காயைப் பாலிலேயே போட்டுக் கொதிக்க விடுவதால் மணம் கடைசி மடக்கு வரை நிற்கிறது. மலையாள ஓட்டுநர்களுக்குக் கட்டன் சாயா தனியாகப் போடுகிறார். பருப்பு வடை மிக நன்று. ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி பஞ்சாகவும் இருக்கும்போது, அதாவது ஆறே கால் மணிக்கு முன், வாங்கிவிட வேண்டும். பழம்பொரி சுமார்தான். சட்னியில் தண்ணீர் அதிகம்.

இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். இளமையில் மில் அணிக்கு சென்டராக, அதாவது கூடைக்கு அருகே நிற்கும் உயரமான ஆட்டக்காரராக, ஆடியவர். எல்லோருக்கும் அவர் மாமா. கல்லாவுக்குப் பின்னால் ஒரு சிறிய கரும்பலகை தொங்குகிறது; அதன் மேல்பாதியில் பால் கணக்கு, கீழ்ப்பாதி வாதத்துக்கு. யாராவது வந்து உட்கார்ந்து, ஜோர்டன்தான் என்றோ லெப்ரான்தான் என்றோ தொடங்கினால், மாமா டீயை ஆற்றிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “எதை வச்சுச் சொல்றீங்க?” அளவுகோலை முதலில் சொல்ல வேண்டும். அவர் அதைச் சாக்பீஸால் பலகையில் எழுதுவார். பெயரை அதற்குப் பிறகுதான் சொல்லலாம். எழுதிய அளவுகோலை வசதிக்கேற்ப நடுவில் மாற்றக் கூடாது. இந்த ஒரு விதி இருப்பதால்தான், மற்ற இடங்களில் வெறும் கூச்சலாக முடிகிற பேச்சு இங்கே தெளிவு தருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு காலையில் நடந்ததைச் சொல்கிறேன். கம்பத்தில் பன்னீர் திராட்சை போட்டிருக்கும் ஒருவர், ஃபைனல்ஸில், அதாவது ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்பவருக்குப் பட்டம் தரும் இறுதித் தொடரில், வெற்றி தோல்விதான் தம் அளவுகோல் என்று எழுதச் சொல்லிவிட்டு, மைக்கேல் ஜோர்டன் பெயரைச் சொன்னார். “ஆறு தடவை போனாரு, ஆறும் ஜெயிச்சாரு. ஒண்ணைக்கூட ஏழாவது ஆட்டம் வரைக்கும் இழுக்க விடல, தம்பி.” அவர் சொன்னது உண்மை. 1991 முதல் 1993 வரையிலும், மறுபடி 1996 முதல் 1998 வரையிலும் சிகாகோ புல்ஸ் பட்டம் வென்றபோது ஆறு முறையும் ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் விருதை ஜோர்டனே பெற்றார். எதிரே இருந்த கல்லூரி மாணவர் விடவில்லை. “அண்ணே, ஃபைனலுக்குப் போய்த் தோத்தா குறை, ஃபைனலுக்கே போகலைன்னா குறையில்லையா?” லெப்ரான் ஜேம்ஸ் பத்து முறை ஃபைனல்ஸ் ஆடினார், அதில் 2011 முதல் 2018 வரை தொடர்ந்து எட்டு முறை, நான்கில் வென்றார். ஜோர்டனோ முதல் மூன்று ஆண்டுகள் முதல் சுற்றிலேயே வெளியேறியவர், அதன் பின் மூன்று ஆண்டுகள் டெட்ராய்ட் அணியிடம் தோற்றவர். அந்தத் தோல்விகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எப்படி என்று அந்த மாணவர் கேட்டது நியாயமான கேள்வி.

அப்போதுதான் மாமா பலகையைக் காட்டினார். அதில் எழுதியிருந்த அளவுகோலின்படி பார்த்தால் விடை ஜோர்டனும் இல்லை, லெப்ரானும் இல்லை. பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல் பன்னிரண்டு ஃபைனல்ஸ் ஆடிப் பதினொன்றில் வென்றவர். ஆடியதே பதின்மூன்று ஆண்டுகள்தான். கடைசி இரண்டு பட்டங்களை அவர் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தே வென்றார். திராட்சைக்காரர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம் மனத்தில் உண்மையில் இருந்தது வேறு அளவுகோல் என்று ஒப்புக்கொண்டார். ஒரே ஆள் தாக்குதலிலும் தடுப்பிலும் உச்சத்தில் நிற்பதுதான் அது. 1987–88 பருவத்தில் ஜோர்டன் ஓர் ஆட்டத்துக்கு 35 புள்ளிகள் என்ற சராசரியோடு புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்து, பருவத்தின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருதையும், அதே பருவத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் பெற்றார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அன்று அவரை எதிர்ப்பது கடினமாக இருந்திருக்கும்.

ரஸ்ஸலைப் பற்றிப் பேசும்போது மாமாவின் குரலே மாறிவிடுகிறது. ஒரு சென்டர் இன்னொரு சென்டரைப் புரிந்துகொள்ளும் விதம் அது. வடை மடித்துக் கொடுக்கும் செய்தித்தாளை உருண்டையாகக் கசக்கி என் கையில் தந்து, தம் தலைக்கு மேலாக எறியச் சொன்னார். நான் எறிந்ததும் அதை ஓங்கி அடித்துச் சாலைக்குத் தள்ளவில்லை. நாலு விரல் நுனியால் மெல்லத் தட்டித் தம் இடது கைக்கே வரவழைத்துக்கொண்டார். ரஸ்ஸலின் பிளாக், அதாவது எதிரணி கூடையை நோக்கி எறியும் பந்தைத் தட்டித் தடுப்பது, அப்படிப்பட்டதுதான். பந்தைப் பார்வையாளர்களிடம் விரட்டிக் கைத்தட்டல் வாங்காமல், களத்துக்குள்ளேயே தங்க வைத்துத் தம் அணியின் வேகத் தாக்குதலைத் தொடங்கி வைத்தார். இதில் வருத்தம் என்னவென்றால், என்.பி.ஏ.வில் பிளாக்குகளை எண்ணத் தொடங்கியதே 1973–74 பருவத்தில்தான். ரஸ்ஸல் 1969-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அந்த 1969-இல்தான் தொடங்கியது. அதையும் தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்ட் பெற்றார். எண்களை வைத்து மட்டும் வாதாடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. 2009 முதல் அந்த விருது ரஸ்ஸலின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அதே காலத்துச் சென்டரான வில்ட் சேம்பர்லெயினுக்காகப் பேச ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் வருகிறார். 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷி நகரில் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள், அந்தப் பருவம் முழுவதும் ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள். அந்த நூறு புள்ளி ஆட்டத்தைப் படம் பிடித்த காட்சி எதுவும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் 100 என்று எழுதிப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம்தான் பலருடைய மனத்திலும் நிற்கிறது. ஆயினும் அவர் வென்ற பட்டங்கள் இரண்டே. ஆசிரியர் அதைச் சொல்ல விரும்புவதில்லை.

என் விடை கரீம் அப்துல் ஜப்பார். பலகையில் நான் எழுதச் சொன்ன அளவுகோல், எத்தனை காலம் உச்சத்தில் நின்றார் என்பது. இருபது பருவங்கள், 1,560 ஆட்டங்கள், ஆறு பட்டங்கள், இன்று வரை யாரும் எட்டாத ஆறு எம்.வி.பி. விருதுகள். அவர் சேர்த்த 38,387 புள்ளிகளை 2023 பிப்ரவரியில் லெப்ரான் கடக்கும் வரை ஏறத்தாழ 39 ஆண்டுகள் மொத்தப் புள்ளிகளில் அவரே முதலிடத்தில் இருந்தார். ஆனாலும் எண்களைவிட என்னை இழுப்பது 1985 ஃபைனல்ஸ். முதல் ஆட்டத்தில் அவர் ஆடிய லேக்கர்ஸ் அணி பாஸ்டனிடம் 148–114 என்று நொறுங்கியது. 38 வயதுக் கரீம் 12 புள்ளிகளும், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டுகள் மூன்றும் மட்டுமே எடுத்தார். அவருடைய காலம் முடிந்தது என்று எல்லோரும் பேசினார்கள். அடுத்த ஆட்டத்தில் 30 புள்ளிகள், 17 ரீபவுண்டுகள், கூடை விழ உதவிய பாஸ்களான அசிஸ்டுகள் 8. ஆறே ஆட்டங்களில் தொடரை முடித்துவிட்டு, ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் விருதை அவர் வாங்கினார். அதே விருதை முதன்முறை வாங்கியது பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 1971-இல், மில்வாக்கி அணிக்காக. அத்தனை ஆண்டுகளும் அவருடைய ஆயுதம் ஒன்றே. உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒற்றைக் காலில் எழும்பி, நீட்டிய கையின் உச்சியிலிருந்து பந்தை மணிக்கட்டால் விடும் அந்த ஸ்கைஹுக், வருகிறது என்று தெரிந்தும் யாராலும் நிறுத்த முடியாத எறிதலாக இருந்தது.

இதற்கு எதிர்ப்பு வராமல் இல்லை. முதல் பட்டத்தில் ஆஸ்கர் ராபர்ட்சனும், பிந்தைய ஐந்திலும் மேஜிக் ஜான்சனும் என்று பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் கூட இருந்தார்கள். இருவரும் இல்லாத இடைக்காலத்தில் கரீம் என்ன வென்றார் என்று அந்த மாணவர் கேட்டார். கனமான கேள்விதான். அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மலையடிவாரம் என்பதால் இணையம் திணறுகிறது. ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் படம் நின்றுபோய், முடிவைக் கைபேசியில் பார்க்க நேர்ந்தது இரண்டு முறை. ஏழு மணிக்கு மேல் ஜீப் கூட்டம் கலைந்து பேருந்துக் கூட்டம் வந்துவிடுவதால் பேச்சு பாதியில் அறுந்துவிடுகிறது. இவற்றைவிடப் பெரிய குறை, பெண்கள் ஆட்டத்துக்கு அந்தப் பலகையில் இடமே கிடைப்பதில்லை என்பது. ஒருமுறை குமுளி ஓட்டுநர் ஒருவர், 2011-இல் அமெரிக்காவின் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வு முகாம்களுக்குச் சென்ற முதல் இந்தியரான கோட்டயம் மாவட்டத்து கீது அன்னா ஜோஸைப் பற்றித் தொடங்கி, ஆறு ஒலிம்பிக் தங்கம் வென்ற டயானா டொராசியைத் தலைசிறந்தவர் வரிசையில் ஏன் சேர்ப்பதில்லை என்று கேட்டார். யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. “சேட்டா, நாளைக்குப் பேசலாம்” என்று மாமா சொன்னார். அந்த நாளை இன்னும் வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண் ஒருவர் அந்த வாசல் வரை போயிருக்கும்போது இப்படித் தள்ளிப்போடுவது தகாது.

போகிறவர்கள் ஐந்தே முக்காலுக்குள் போய்விடுங்கள். சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தால் திரையும் பலகையும் ஒருசேரத் தெரியும். கார் நிறுத்த எதிர்ப்புறப் புளியமரத்தடியில் இடம் உண்டு. இருவருக்குத் தேநீரும் வடையும் 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

போன வாரம் போனபோது என் அளவுகோல் பலகையில் அழியாமல் இருந்தது. அதன் கீழே, வேறு யாரோ சாய்வான எழுத்தில், 1976? என்று எழுதியிருந்தார்கள். 1975–76 பருவத்தில் கரீம் எம்.வி.பி. விருது பெற்றும் லேக்கர்ஸ் அணி 40 வெற்றி, 42 தோல்வியோடு பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை என்பதைத்தான் அந்த ஆண்டு குறிக்கிறது. அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 27.7 புள்ளிகளும் 16.9 ரீபவுண்டுகளும் எடுத்து, ரீபவுண்டிலும் பிளாக்கிலும் முதலிடம் பிடித்த ஒருவரிடம் இன்னும் என்ன எதிர்பார்க்க முடியும் என்று கேட்டு மாமாவிடம் சாக்பீஸ் வாங்கினேன். எழுதி முடிப்பதற்குள் பால் வண்டி வந்துவிட்டது; மாமா கணக்கு எழுதப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை மீதியை எழுத வேண்டும்.