பிள்ளை பார்க்கும் வேலைக்கு எந்தச் சான்றிதழ்?

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியிலேயே பிள்ளைகள் காப்பகம் தொடங்க அண்ணன் மகளுக்கு ஆசை. ப்ளஸ் டூ முடித்தவள். "அத்தை, எதைப் படிச்சா மதிப்பு?" என்று கேட்டாள். நானும் அவளும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் தனியார் மாண்டிசோரி டிப்ளமோ. இந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே 1939-ல் அடையாறில் பயிற்சி நடத்தியவர். அவர் தொடங்கிய சர்வதேச மாண்டிசோரிச் சங்கத்தின் டிப்ளமோ என்றால் பிள்ளைகளைக் கவனித்துப் பதிவு செய்ய வேண்டும், வகுப்பில் பயிற்சி எடுக்க வேண்டும், வாய்மொழித் தேர்வும் உண்டு. ஆனால் சென்னை போன்ற பெரிய ஊரில் தங்கிப் படிக்க வேண்டும், செலவு தாங்காது. மாண்டிசோரி என்ற பெயரையோ யாரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். நான் சேர்ந்த ஓர் இடத்தில் மூன்றே மாதத்தில் சான்றிதழ் தந்தார்கள். அந்த மூன்று மாதத்தில் ஒரு பிள்ளையைக்கூட என் கையில் தரவில்லை. முதல் வேலையில் அழுத பிள்ளையைத் தேற்றத் தெரியாமல் நின்றேன். அந்தத் தவிப்பு அவளுக்கு வரக் கூடாது.

பால்வாடிப் பயிற்சி தரமானது. 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வருவது அது. எடை போடுவது, வளர்ச்சி அட்டையில் குறிப்பது, தாய்மாரிடம் பேசுவது எல்லாம் அதில் வரும். ஆனால் பணியில் சேர்ந்தால்தான் பயிற்சி, நாமாகப் போய்ச் சேர முடியாது.

இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மழலைப் பராமரிப்பு டிப்ளமோவுக்கு ப்ளஸ் டூ போதும். குறைந்தது ஒரு வருடம், மொத்தம் 32 கிரெடிட். பிள்ளைகளோடு செய்ய வேண்டிய திட்டப்பணிக்கு மட்டும் 8 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு. வீட்டில் இருந்தபடியே படிக்கலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரப் பெண் அங்கே பிள்ளை பார்ப்பவர்களுக்குத் தரும் சிடிஏ (Child Development Associate) சான்று பற்றிச் சொன்னாள். 120 மணி நேர வகுப்பு, 480 மணி நேரம் பிள்ளைகளோடு வேலை, நேரில் வந்து பார்க்கும் மதிப்பீடு, அப்புறம் தேர்வு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். இங்கே அது அவளுக்கு உதவாது. ஆனாலும் அந்த 480 என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம் டிப்ளமோ ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் செல்லும், பத்து வருடம் பிள்ளை முகமே பாராதவருக்கும் செல்லும்.

படிப்பு வேறு, இடத்துக்கான அனுமதி வேறு. விளையாட்டுப் பள்ளிகளுக்கு (ப்ளே ஸ்கூல்) 2015-ல் தமிழக அரசு தனி நெறிமுறை கொண்டுவந்தது. மாடி என்றால் கட்டட உறுதியையும் தீப் பாதுகாப்பையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

முக்கூடல் ஊர்ப் பக்கம், தாய்மார் வீட்டில் பீடி சுற்றும் தட்டுக்குப் பக்கத்திலேயே தவழும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. 2025 வரை இருந்த 1966-ம் வருடப் பீடித் தொழிலாளர் சட்டம் காப்பகம் வைக்கச் சொன்னது தொழிற்கூடங்களைத்தான். வீட்டில் பீடி சுற்றும் தாய்க்கு அது எட்டவில்லை. கற்றுத் தேர்ந்த ஒரு பெண் தெருவில் இருந்தால் எத்தனை பேருக்கு உதவி!

அண்ணன் மகள் இக்னோவுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். தெரிந்த விளையாட்டுப் பள்ளியில் காலை நேரத்தில் உதவிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை மணி நேரம் இருந்தாள் என்று எழுதி வைக்க ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.