22 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்லோடைவ்

கலைந்துபோன ராக் குழுக்கள் மறுபடியும் ஒன்றுசேர்ந்தால், பழைய பாடல்களை மேடையில் வாசித்துக் காசு பார்ப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. புதிய ஆல்பம் வந்தாலும் அது பழையதன் நகலாகவே இருக்கும். ஸ்லோடைவ் குழு 2017இல் தன் பெயரையே தலைப்பாக இட்டு வெளியிட்ட ஆல்பத்தை அந்த வரிசையில் சேர்க்க முடியாது. குழு இல்லாத காலத்தில் அதனிடம் கற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் உருவாக்கிய ஆல்பம் இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தின் ரெடிங் நகரில் 1989இல் உருவான இக்குழு, கிட்டார் ஒலியை ரிவெர்ப், டிலே பெடல்கள் (ஒலிக்கு அதிர்வும் எதிரொலியும் சேர்க்கும் காலால் இயக்கும் கருவிகள்) வழியாகச் செலுத்தி, எந்தச் சுரம் எந்தக் கிட்டாரிலிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாத அளவுக்குக் குழைத்துத் தந்தது. 1993இல் வந்த 'சூவ்லாக்கி' ஆல்பத்தில் ஆம்பியன்ட் எனப்படும், சூழலை உணர்த்தும் மென்மையான இசையின் முன்னோடி பிரையன் ஈனோவின் பங்களிப்பும் உண்டு. ஆனாலும் பிரிட்பாப் என்ற துள்ளலான பிரிட்டிஷ் கிட்டார் பாப் அலை எழுந்த அந்நாளில் பிரிட்டிஷ் இசை இதழ்கள் இவர்களைக் கேலிப்பொருளாக்கின. 1995இல் 'பிக்மேலியன்' வெளிவந்த சூட்டோடு இவர்களது ஆல்பங்களை வெளியிட்டுவந்த கிரியேஷன் நிறுவனம் கைவிட, குழு கலைந்தது.

அதன்பின் நடந்ததுதான் சுவாரசியம். 2002இல் ஜெர்மனியின் மோர் மியூசிக் இசை வெளியீட்டு நிறுவனம் இவர்களுக்குக் காணிக்கையாக ஒரு தொகுப்பை வெளியிட்டது. அதில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் மின்னணு இசைக் கலைஞர்கள். கிட்டார் குழுவுக்குக் கணினியில் இசையமைப்பவர்கள் வாரிசானது விந்தையாகத் தோன்றலாம். ஒலித்துண்டுகளைச் சுழலவிட்டுக் கட்டிய 'பிக்மேலியன்' ஆல்பத்தைக் கேட்டவருக்கு அது வியப்பளிக்காது. 2014இல் குழு மீண்டும் மேடையேறியபோது, டிரம்ஸ் கலைஞர் சைமன் ஸ்காட் இடைக்காலத்தில் ஆம்பியன்ட் இசையில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றிருந்தார்.

2017 ஆல்பத்தில் எட்டுப் பாடல்கள், ஏறத்தாழ 46 நிமிடங்கள். ஏழு நிமிடத்தை நெருங்கும் முதல் பாடலான 'ஸ்லோமோ', குரல் எப்போது வரும் என்று அவசரப்படாமல் தாளத்தையும் கிட்டாரையும் நிலைபெறவிடுகிறது. குழுவின் பாடகர்-கிட்டார் கலைஞர் நீல் ஹால்ஸ்டெட் பாடிக்கொண்டிருக்க, பாடகி ரேச்சல் கோஸ்வெல்லின் குரல் மேல்ஸ்தாயியில் வந்து சேரும்போதுதான் பாடல் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது உறைக்கிறது. 'சுகர் ஃபார் தி பில்' பாடலில் நிக் சாப்ளினின் பாஸ் கிட்டாரே முன்னே நின்று நடத்துகிறது. முன்பு ஒலிப்படலத்துக்குள் புதைந்துகிடந்த சொற்கள் இங்கே தெளிவாகக் காதில் விழுகின்றன, இடைவெளிகள் நிரப்பப்படாமல் விடப்பட்டிருக்கின்றன. 1993இல் இவர்களுக்கு இந்தச் சிக்கனம் கைவந்திருக்கவில்லை. கடைசிப் பாடலான 'ஃபாலிங் ஆஷஸ்' எட்டு நிமிடங்கள் ஓடுகிறது. ஒரு சிறிய பியானோத் துணுக்கு சலிக்காமல் திரும்பத் திரும்ப வர, கிட்டார் ஏறக்குறைய ஒதுங்கிக்கொள்கிறது. மின்னணு இசை வாரிசுகளிடமிருந்து திரும்பி வந்த சொத்து என்று இதைத்தான் சொல்வேன்.

குறைகளும் உண்டு. 'கோ கெட் இட்' தன் முழக்கத்துக்கு ஏற்ற மெட்டு இல்லாமல் தடுமாறுகிறது. ஆல்பத்துக்கு முன்பே தனிப்பாடலாக முதலில் வெளியான 'ஸ்டார் ரோவிங்', பழைய ரசிகர்களை இழுப்பதற்கென்றே செய்ததுபோல் ஒலிக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆல்பத்தின் போக்கைத் தவறாகக் காட்டிவிடுகிறது. வரிகளில் ஆழம் தேடுபவர்களுக்கு இது ஏற்ற குழு அல்ல, என்றுமே இருந்ததில்லை.

மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் கேட்டால் பாஸ் காணாமற்போய், பாதி ஆல்பம் கையை விட்டுப் போய்விடும். நல்ல ஹெட்ஃபோன் அவசியம். புதியவர்கள் 'சூவ்லாக்கி'யிலிருந்து தொடங்குவதே வழக்கம் என்றாலும், நான் இந்த ஆல்பத்தையே முதலில் பரிந்துரைப்பேன். பிடித்துப்போனால் அடுத்துக் கேட்க வேண்டியது 'பிக்மேலியன்'. அதற்குப் பிறகு, ஹால்ஸ்டெட்டின் சின்தசைசர் முயற்சிகளிலிருந்து கிளைத்து 2023இல் வந்த 'எவ்ரிதிங் இஸ் அலைவ்' ஆல்பத்துக்கு வரலாம்.