டோபலோவ் எந்த நகர்த்தலை ஆடியிருக்கலாம்? காஸ்பரோவின் யானைப் பலிக்கு எதிரான தற்காப்புகள்

நெதர்லாந்தில் வைக் ஆன் ஜீ என்று ஒரு சின்னக் கடலோர ஊர். 2025-ல் பிரக்ஞானந்தா டைபிரேக்கில் குகேஷை வென்று டாடா ஸ்டீல் பட்டம் வாங்கினாரே, அதே ஊர்தான். 1999-ல் அந்தப் போட்டிக்கு ஹூகோவன்ஸ் என்று பெயர். அந்த வருஷம் ஜனவரி 20 அன்று ரஷ்யாவின் காரி காஸ்பரோவ் வெள்ளையிலும் பல்கேரியாவின் வெசலின் டோபலோவ் கறுப்பிலும் ஆடிய ஆட்டத்தை, சதுரங்கம் தெரிந்தவர்கள் இன்றைக்கும் பலகையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாரும் வெள்ளைப் பக்கம் உட்கார்ந்துதான் பார்ப்போம். இந்தத் தடவை நான் பலகையைத் திருப்பி வைத்து, கறுப்பு எங்கே பிழைத்திருக்கலாம், இருந்த வழிகளில் எது உண்மையிலேயே நல்ல வழி என்று தேடினேன். தனியாகத் தேடவில்லை. மாவட்டப் போட்டிகளுக்குப் போகிற என் அக்கா மகளும் கூட இருந்தாள்.

வெள்ளையின் 24ஆவது நகர்த்தலுக்கு முந்தைய நிலை இது. பலகை இருந்தால் அடுக்கிக்கொள்ளுங்கள் (எழுத்து வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து எண்ணும் நெடுக்கு வரிசை, எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்கு வரிசை). வெள்ளைக்கு ராஜா பி1, ராணி எஃப்4, யானைகள் டி1, இ1, மந்திரி ஹெச்3, குதிரை ஏ5, சிப்பாய்கள் ஏ3, பி2, சி2, டி5, எஃப்3, ஜி3, ஹெச்2. கறுப்புக்கு ராஜா ஏ7, ராணி டி6, யானைகள் டி8, ஹெச்8, மந்திரி ஏ8, குதிரை எஃப்6, சிப்பாய்கள் ஏ6, பி5, சி5, டி4, எஃப்7, ஜி6, ஹெச்7. இரண்டு பக்கமும் காய்கள் சமம்.

இங்கே காஸ்பரோவ் டி1 யானையால் டி4 சிப்பாயை வெட்டினார். அந்த யானைக்கு எஃப்4 ராணி மட்டும்தான் பக்கபலம். ஆனாலும் சி5 சிப்பாயால் வெட்டினால், ஒரு சிப்பாயை விட்டு ஒரு யானையே கிடைக்கும்.

பெயர்களைச் சொல்லாமல் நிலையை மட்டும் அவளிடம் காட்டினேன். "மாமா, யானையை ஏன் சும்மா விடணும்?" என்று உடனே சிப்பாயைத் தூக்கிவிட்டாள். டோபலோவும் அதைத்தான் செய்தார். அவளைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் கை அங்கேதான் போகும்.

முதலில் அதையே பார்ப்போம். சிப்பாய் டி4-ஐ வெட்டியதும் வெள்ளை இரண்டாவது யானையை இ7-ல் கொண்டுவந்து செக் வைக்கிறது. அதையும் கறுப்பு ராணி வெட்டலாம். வெட்டினால் வெள்ளை ராணி டி4-ஐ எடுத்து செக், ராஜா பி8-க்குப் போகும், ராணி பி6-ல் செக், மந்திரி பி7-ல் குறுக்கே வரும், குதிரை சி6-ல் செக், ராஜா ஏ8, ராணி ஏ7-ல் மேட். இந்த வரிசையில் என் மனசுக்குப் பிடித்தது எங்கோ தூரத்தில் ஹெச்3-ல் நிற்கிற மந்திரி. கடைசிவரை அது அசையவே இல்லை. ஆனால் கறுப்பு ராஜா சி8 பக்கம் நழுவ முடியாமல் குறுக்குக் கோட்டை அடைத்துக்கொண்டு நிற்பது அதுதான். அதனால் டோபலோவ் இ7 யானையைத் தொடாமல் ராஜாவை பி6-க்கு நகர்த்தினார். அங்கிருந்து ராஜா ஏ5, ஏ4 என்று எதிரியின் வீட்டுக்குள்ளேயே இழுத்துச் செல்லப்பட்டது.

சரி, யானையை வெட்டாவிட்டால் என்ன செய்வது? இரண்டு வழிகளை ஒன்றுக்கு எதிராக ஒன்றை வைத்துப் பார்த்தேன்.

ஒன்று, ராணிகளை மாற்றிக்கொள்வது. தாக்குதல் வரும்போது ராணியை மாற்று என்று நாமெல்லாம் படித்த பாடம் இது. கறுப்பு ராணி எஃப்4-ல் வெட்ட, டி4 யானை எஃப்4-க்கு வந்து திருப்பி வெட்டும். பிறகு கறுப்புக் குதிரை டி5 சிப்பாயை எடுக்க, யானை எஃப்7-ஐ எடுத்து செக் வைக்கும். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம், யானை ஏழாவது வரிசையில் சட்டமாக உட்கார்ந்துவிட்டது. இதில் தோற்றே தீரவேண்டும் என்றில்லை, ஆனால் கறுப்பு பாக்கி நேரம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இன்னொன்று, ராஜாவை பி6-க்கு நகர்த்துவது. யாரையும் வெட்டவில்லை, யாருக்கும் செக் இல்லை, ராஜா தானாக ஒரு கட்டம் முன்னால் வருகிறது, அவ்வளவுதான். ஆட்டத்தில் டோபலோவ் அடுத்த நகர்த்தலில் கட்டாயத்தின் பேரில் போன அதே கட்டம். ஒரு நகர்த்தல் முன்னால் தானாகப் போயிருந்தால் கதையே வேறு.

ஏன் என்று பாருங்கள். ராஜா பி6-க்கு வந்ததும் ஏ5 குதிரையைத் தாக்குகிறது. டி4 யானை மேல் சி5 சிப்பாயின் குறி அப்படியே இருக்கிறது. வெள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு காய்க்கு ஆபத்து. வெள்ளை ராணி டி6-ல் வெட்டி செக் வைத்தால், கறுப்பு யானை திருப்பி வெட்டும், இரண்டு காயில் ஒன்று போகும். பி4 என்று சிப்பாயைத் தள்ளிக் குதிரையைக் காத்தால், இப்போது கறுப்பு ராணிகளை மாற்றலாம்: எஃப்4-ல் வெட்டு, யானை திருப்பி வெட்டு, குதிரை டி5-ஐ எடுக்கும், யானை எஃப்7-ஐ எடுக்கும். முதல் வழியில் பார்த்த அதே வரிசைதான். ஆனால் ராஜா ஏழாவது வரிசையை விட்டு வந்துவிட்டதால் எஃப்7-ல் வெட்டும்போது செக் கிடையாது. அந்த ஒரு நகர்த்தல் கறுப்புக்கு மிச்சம். அதை வைத்து சி5 சிப்பாயால் பி4-ஐ வெட்டி, வெள்ளை ஏ சிப்பாயால் திருப்பி வெட்டியதும் குதிரையால் மறுபடி பி4-ஐ எடுத்தால், வெள்ளை ராஜாவின் முன்னால் இருந்த சுவரே காலி.

அந்தச் செக் விஷயத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அவள். ராஜாவை ஏ7-ல் ஒரு தடவை, பி6-ல் ஒரு தடவை என்று மாற்றி மாற்றி வைத்து, இரண்டு தடவையும் யானையை எஃப்7-ல் தட்டென்று வைத்துப் பார்த்தாள். "இங்க செக், இங்க செக் இல்ல" என்றாள். ஒப்பீடு என்றால் இதுதான். இரண்டு நகர்த்தலையும் தனித்தனியாக ரசித்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

ராஜா பி6-க்கு வெள்ளையின் சரியான பதில் குதிரையை பி3-க்குத் திருப்புவது. இங்கேயும் யானை டி4-ல் ஆசை காட்டிக்கொண்டே நிற்கும். இப்போதும் வெட்டக் கூடாது. வெட்டினால் ராணி டி4-ல் செக், ராஜா சி7, ராணி ஏ7-ல் செக், மந்திரி பி7, பிறகு குதிரை சி5-க்குப் பாய்ந்தால் கறுப்பு ராஜாவுக்கு மூச்சுவிட இடமில்லை. சரியான வழி மந்திரியால் டி5 சிப்பாயை எடுப்பது. ராணிகள் டி6-ல் மாறும், வெள்ளை யானை டி2-க்குப் பின்வாங்கும், கறுப்பு ஹெச்8 யானையை டி8-க்குக் கொண்டுவரும், வெள்ளை இ1 யானையை டி1-க்குக் கொண்டுவரும். ஆளுக்கு ஆறு சிப்பாய், சமநிலை. காஸ்பரோவே பின்னால் அலசிச் சொன்ன வழி இது.

ஆக 24ஆவது நகர்த்தலில் எனக்குச் சந்தேகமே இல்லை: ராஜா பி6. இந்த ஒரு நகர்த்தலில் போட்டியின் முடிவே மாறியிருக்கும் என்பது தனிக் கதை. காஸ்பரோவ் 13-க்கு 10 புள்ளி எடுத்து முதலிடம். நம்ம ஆனந்த் 9½ எடுத்து இரண்டாமிடம். இந்த ஆட்டம் மட்டும் டிராவில் முடிந்து மற்றதெல்லாம் அப்படியே இருந்திருந்தால் இருவரும் சமம். சின்ன வயதில் பத்திரிகையில் அந்தப் பட்டியலைப் பார்த்து அந்த அரைப் புள்ளிக்காக வருத்தப்பட்டவன் நான். 2010-ல் சோஃபியாவில் உலகப் பட்டத்துக்கான கடைசி ஆட்டத்தில் இதே டோபலோவ், ஆனந்த் நீட்டிய சிப்பாய்களை எஃப்5-லும் இ4-லும் அடுத்தடுத்து வெட்டித் தன் ராஜாவைத் தானே திறந்துவிட்டபோது எனக்கு இந்த டி4 யானைதான் ஞாபகம் வந்தது. ஆனந்த் 6½-5½ என்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

இனி அடுத்த கட்டம். யானையை வெட்டியாகிவிட்டது, ராஜா ஏ4 வரை வந்தாகிவிட்டது. 28ஆவது நகர்த்தலில் ராணி சி3-க்குப் பதிலாக யானையை உடனே ஏ7-க்குக் கொண்டுபோயிருந்தால் வெள்ளை இன்னும் சுலபமாக ஜெயித்திருக்கும் என்று கிராண்ட்மாஸ்டர் லுபோமிர் கவாலெக் பின்னால் கண்டுபிடித்தார். காஸ்பரோவ் அதை விட்டதால்தான் கறுப்புக்கு மறுபடி சின்னதாக ஒரு ஜன்னல் திறந்தது. யானை பி7 மந்திரியை வெட்டிய பிறகு, 30ஆவது நகர்த்தலில் நிலை இப்படி: கறுப்பு ராஜா ஏ4, ராணி டி5, இரண்டு யானை, ஒரு குதிரை. வெள்ளைக்கு ராணி சி3, யானை பி7, மந்திரி ஹெச்3. கறுப்பு கிட்டத்தட்ட ஒரு யானை கூடுதல். ஆனால் பி3-ல் வெள்ளை ராணி வந்தால் மேட். டி5 ராணி அந்தக் குறுக்குக் கோட்டைக் காவல் காக்கிறது.

டோபலோவ் ராணியை சி4-க்கு நகர்த்தி, ராணி மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். இதைவிட நல்லது என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஹெச்8 யானையை இ8-க்குக் கொண்டுவருவது. வெள்ளை யானையை பி6-ல் வைக்கும், கறுப்பு டி8 யானையை ஏ8-க்கு நகர்த்தி ஏ6-ஐக் காக்கும். இங்கே வெள்ளைக்கு ஒரு நகர்த்தல் இருக்கிறது, மந்திரி எஃப்1. முதல் பார்வையில் ஒன்றுமே புரியாது. அடுத்து யானையை டி6-ல் வைத்து ராணியைத் துரத்தப்போகிறது. அந்த யானையை ராணி வெட்டினால் பி3-ல் மேட். பி3-ஐக் காத்துக்கொண்டே ராணி ஒதுங்க சி4 ஒரு நல்ல கட்டம், ஆனால் எஃப்1 மந்திரி இப்போது சி4-ஐப் பார்க்கிறது. இ6-க்குப் போனால் யானையே வெட்டிவிடும். அதனால் கறுப்பு யானையை இ1-ல் செக் கொடுத்தே பலியிட்டு வெள்ளை ராணியை இழுக்க வேண்டியிருக்கும். அப்போதும் வெள்ளையே ஜெயிக்கிறது என்பதுதான் அலசலில் கிடைத்த விடை.

ஆனால் இதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. ராணி சி4-ஐப் பெரிய தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தப்பு அதற்கு அடுத்ததில் இருக்கிறது.

ராணி சி4-க்கு வெள்ளை மாற்றிக்கொள்ளாமல் எஃப்6 குதிரையை வெட்டியது. அடுத்து ஏ6-ல் ராணி வெட்டினால் மேட். டோபலோவ் ராஜாவால் ஏ3 சிப்பாயை எடுத்தார். இனி அது ஓடுகிற ராஜா: பி4, சி3, டி2, டி1. அங்கே மந்திரி எஃப்1 வந்து விழுந்தது, பிறகு யானை டி7, பிறகு ஹெச்8 யானையும் போயிற்று. 44-ல் கைகொடுத்தார்.

அதற்குப் பதிலாக 31ஆவது நகர்த்தலில் யானை டி1 செக் என்று வைத்துப் பாருங்கள். இந்த ஆட்டத்தில் கறுப்பின் மிக அழகான நகர்த்தல் இதுதான், ஆடப்படாமலே போயிற்று. சி4 ராணி ஏ2-ஐப் பார்ப்பதால் வெள்ளை ராஜாவுக்கு பி2 மட்டும்தான் வழி. பிறகு கறுப்பு மற்ற யானையை ஏ8-ல் வைத்து ஏ6-ஐக் காக்கும். வெள்ளை ராணி பி6-க்கு வந்து, ஏ5-ல் மேட் என்று மிரட்டும். அப்போது கறுப்பு ராணி டி4-ல் செக்! ராஜாவை முன்பே பி2-க்கு இழுத்து வைத்ததால்தான் இது செக், டி1 யானை பின்னால் நிற்பதால்தான் ராணிக்குப் பலம். ஒரே செக்கில் இரண்டு வேலை. ராணிகள் மாறும், வெள்ளை யானை எஃப்7 சிப்பாயை எடுக்கும். கறுப்புக்கு இரண்டு யானை, நான்கு சிப்பாய். வெள்ளைக்கு யானை, மந்திரி, ஆறு சிப்பாய்.

இதுவும் சுகமான நிலை இல்லை. ஏ4-ல் ராஜா இன்னும் கூண்டில்தான் இருக்கிறது. மந்திரி இ6 வழியாக பி3-க்கு வந்தால் மேட், சி2 சிப்பாய் அதற்குக் காவல். ஆனால் ராணிகள் இல்லை, ஓட்டம் இல்லை, எண்ணிப் பார்த்து ஆட நேரம் இருக்கிறது. யானை இ8 வழியில் வெள்ளை ஒரு அபாரமான நகர்த்தலைக் கண்டுபிடித்தால் கறுப்பு கதை முடிந்தது. யானை டி1 வழியிலோ வெள்ளை ஒரு நீண்ட இறுதி ஆட்டத்தை இன்னும் ஜெயித்துக் காட்ட வேண்டும். இரண்டில் ஒன்று என்றால் எனக்கு இரண்டாவதுதான். காஸ்பரோவ் மாதிரி ஆள் எதிரில் இருக்கும்போது அழகான நகர்த்தலை அவர் தவறவிடுவார் என்று நம்பி ஆடக்கூடாது. அழகுக்கே இடமில்லாத இடத்துக்கு அவரை அழைத்துப் போக வேண்டும்.

அவளிடம் இதைச் சொன்னபோது அவள் பதில் பேசவில்லை. 35ஆவது நகர்த்தல் வரை காய்களை அடுக்கி, பலகையைத் தன் பக்கம் திருப்பிக் கறுப்பை எடுத்துக்கொண்டாள். டி4 யானையை டி6-க்கு இழுத்து இ6 கட்டத்தை அடைத்தாள். நான் யானையை இ7-ல் வைத்தேன். இரவு சாப்பாட்டுக்கு அக்கா இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது. அவள் ராஜா இன்னும் ஏ4-ல் உயிரோடு இருக்கிறது.