ஆறு பழைய மடிக்கணினி, ஒரு சிம் கார்டு: உபுண்டுவா, மின்ட்டா?

சுங்கை சிப்புட் பட்டணத்தைத் தாண்டி செம்பனைக்குள் நுழையும் சாலையில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் இருக்கிறது. கோயில் மண்டபத்தில் வாரத்தில் நான்கு நாள் மாலை வகுப்பு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிலிருந்து இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதப் போகிறவர்கள் வரை வருவார்கள். அவர்களுக்காக ஆறு மடிக்கணினிகள் வைத்திருக்கிறோம். எல்லாம் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்யும் நம் ஆட்கள் கொடுத்த பழைய பொருள்கள். 4 ஜிபி நினைவகம், ஐந்தாம் ஆறாம் தலைமுறை இன்டெல் சில்லு. நான்கில் பேட்டரி செத்துவிட்டது. வயரைப் பிடுங்கினால் உடனே அணைந்துவிடும்.

விண்டோஸ் 11 இவற்றில் முறைப்படி ஏறாது. அது எட்டாம் தலைமுறை இன்டெல்லுக்குக் கீழே ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் என்பதில் எங்களுக்குள் விவாதமே வரவில்லை. லினக்ஸில் உபுண்டு, மின்ட் என்று பல வகை உண்டு. எந்த லினக்ஸ் என்பதில்தான் நான் ஒரு முறை தப்பாகத் தேர்ந்தெடுத்து, ஏழு மாதம் கழித்து மாற்றினேன். முதலில் ஆறிலும் உபுண்டு 24.04. இப்போது ஐந்தில் லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்புள்ள பதிப்பு. ஒன்றில் மட்டும் உபுண்டு இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

பொதுவானவற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இரண்டும் இலவசம். மின்ட் உபுண்டுவின் மேல்தான் கட்டப்பட்டது. மின்ட் 22-க்கு அடித்தளம் உபுண்டு 24.04. இரண்டுக்கும் 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். லிப்ரெ ஆபிஸ் இரண்டிலும் ஓடும், ஆசிரியர்கள் அனுப்பும் வேர்ட் கோப்புகளை இரண்டும் ஒரே மாதிரிதான் திறக்கும். கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவுக்கு உலாவி போதும். தோற்றத்தில் மின்ட் பழைய விண்டோஸ் மாதிரி கீழே பட்டையும் இடது மூலையில் பட்டியலுமாக இருப்பதால் பிள்ளைகள் உடனே பழகிவிட்டார்கள். ஆனால் உபுண்டுவையும் இரண்டே நாளில் பழகியிருந்தார்கள், எனவே இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேகத்தில் 4 ஜிபிக்கு எக்ஸ்எஃப்சிஇ இலகுவானது. உபுண்டுவின் க்னோம் முகப்பு கொஞ்சம் கனம். பழைய சுழலும் வட்டு இருந்தால் எதைப் போட்டாலும் நொண்டும். முதலில் சுழலாத, வேகமான வட்டான எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போடுங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம்.

இனி நான் நிதானமாகச் சொல்ல வேண்டிய ஒரே விஷயம் பராமரிப்பு. நான் வார நாளில் ஈப்போவில் இருப்பவன். ஞாயிறு மட்டும் தோட்டத்துக்கு வருவேன். மற்ற நாள்களில் அந்த ஆறு பெட்டிகளையும் பார்த்துக்கொள்வது வகுப்பு நடத்தும் அக்காவும், படிவம் நான்கில் படிக்கும் ஒரு தங்கச்சியும். மண்டபத்துக்கு ஃபைபர் வரவில்லை. சிம் போட்ட மோடம் ஒன்றுதான். மாதம் 20 ஜிபி. ஆகவே என் கேள்வி எது நல்ல லினக்ஸ் என்பது இல்லை. நான் இல்லாதபோது எது டேட்டாவை மதிக்கும், எது கெட்டுப்போனால் இன்னொருவர் கையால் சரியாகும் என்பதுதான்.

உபுண்டு போட்ட இரண்டாவது மாதம், 11-ஆம் தேதியே டேட்டா தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் காணொளி பார்த்துத் தீர்த்துவிட்டார்கள் என்று நினைத்து அக்கா அவர்களைக் கண்டித்திருக்கிறார். ஞாயிறு வந்து ஒவ்வொரு பெட்டியிலும் ஸ்னாப் (உபுண்டு மென்பொருளை இறக்கும் ஒரு வழி) என்னென்ன செய்தது என்ற பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஃபயர்ஃபாக்ஸ், அது நிற்பதற்கான க்னோம் அடித்தளத் தொகுப்பு, மென்பொருள் கடை என்று வரிசையாக, ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக இறக்கியிருந்தது. சிலது சில நூறு எம்பி கனம். அதை ஆறால் பெருக்கிப் பாருங்கள். பிள்ளைகளிடம் அக்காவே மன்னிப்புக் கேட்டார். எனக்கு மனது கஷ்டமாகப் போய்விட்டது, ஏனென்றால் அதைப் போட்டது நான்.

நடந்தது இதுதான். உபுண்டுவில் மென்பொருள் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று பழைய டெப் தொகுப்பு. இன்னொன்று ஸ்னாப். 22.04-இலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் வருகிறது, 24.04-இல் தண்டர்பேர்டும் அப்படியே. ஸ்னாப் ஒரு நாளைக்கு நான்கு முறை புதியது வந்திருக்கிறதா என்று தானாகப் பார்க்கும். இருந்தால் யாரையும் கேட்காமல் இறக்கும். பழைய பதிப்பையும் வட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். ஃபைபர் உள்ள வீட்டில் இது நல்ல ஏற்பாடு, உலாவி எப்போதும் புதிதாக இருக்கும். எங்கள் மண்டபத்தில் அது ஓட்டைக் குடம்.

நிறுத்த வழி இல்லாமல் இல்லை. தானியங்கிப் புதுப்பிப்பைப் பிடித்துவைக்க ஒரு கட்டளை உண்டு. அளவுக் கட்டுப்பாடுள்ள இணைப்பு என்று குறித்துவிட்டால் காத்திருக்கச் சொல்லவும் வழி உண்டு. நான் பிடித்துவைத்தேன். அப்புறம் என்ன ஆனது என்றால், பிடித்துவைத்த பின் புதுப்பிப்பை ஆறு பெட்டியிலும் யாராவது கையால் செய்ய வேண்டியிருந்தது. நான் இரண்டு ஞாயிறு வர முடியாமல் போனது. உலாவி பழசாகிப்போனது. பிள்ளைகள் கடவுச்சொல் போட்டு நுழையும் கணினியில் பழைய உலாவி ஆபத்து. சரி என்று தடையை எடுத்தேன். அந்த வாரமே தங்கச்சி வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினாள். திரையின் மேலே ஓர் அறிவிப்பு: ஃபயர்ஃபாக்ஸ் புதுப்பிக்கக் காத்திருக்கிறது, மூடிவிடுங்கள், இன்னும் 13 நாள். கீழே அவள் கேள்வி: “அண்ணே, 13 நாள் கழிச்சு என்ன ஆகும்? அசைன்மென்ட் போயிடுமா?”

போகாது. அதற்குள் மூடாவிட்டால் தானே புதுப்பித்துவிடும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளை பயந்தாள் பாருங்கள், அன்றைக்குத்தான் மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

மின்ட்டில் ஸ்னாப் இல்லை. 2020-இல் வந்த மின்ட் 20-இலிருந்தே அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸ் மற்ற எல்லாவற்றையும் போல டெப் தொகுப்பாகவே வரும். கீழ் வலது மூலையில் சின்னக் கேடயம் ஒன்று இருக்கும். புதியது ஏதாவது வந்தால் அதில் ஒரு புள்ளி விழும். சொடுக்கினால் பட்டியல் திறக்கும். அடியில், தேர்ந்தெடுத்த புதுப்பிப்புகள் இத்தனை, மொத்தம் இத்தனை எம்பி என்று போட்டிருக்கும். அந்த ஒரு வரிதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. இப்போது தங்கச்சி வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கேடயத்தைத் திறந்து, எம்பி எவ்வளவு என்று பார்த்து, மாதக் கடைசியில் டேட்டா குறைவாக இருந்தால் உலாவியை மட்டும் டிக் செய்து, மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறாள். இயங்குதளத்தின் மையமான கெர்னலின் புதுப்பிப்பும் சாதன நிரல் தொகுப்பும் கனமானவை. அவற்றை எனக்காக ஞாயிறுக்கு விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

இதற்கு மேல் ஒரு வேலை செய்தேன், அதுதான் பெரிய மிச்சம். ஆப்ட்-காச்சர்-என்ஜி என்றொரு சிறிய நிரல். பேட்டரி நன்றாக இருக்கும் ஒரு மடிக்கணினியில் அதைப் போட்டேன். மற்ற நான்கிலும், புதுப்பிப்பு வேண்டுமென்றால் நேரே இணையத்துக்குப் போகாதே, இந்தப் பெட்டியின் 3142-ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) கேள் என்று ஒரே வரியில் ஒரு கோப்பு எழுதிவைத்தேன். முதல் பெட்டி ஒரு தொகுப்பை இறக்கினால் அது அங்கே சேமிக்கப்படும். அடுத்தவை அதையே மண்டபத்து வைஃபை வழியாக எடுத்துக்கொள்ளும், டேட்டா செலவில்லை. ஒரு வீட்டில் அரைத்த மாவை நாலு வீடு வாங்கிக்கொள்வது மாதிரி. உபுண்டுவிலும் இதைப் போடலாம், ஆனால் டெப் தொகுப்புகளுக்கு மட்டும்தான் பலன். அங்கே பெரிய கனமே ஸ்னாப்பில் இருக்கிறது, அது இந்த வழியாக வராது. ஒன்று கவனிக்க வேண்டும்: சேமிப்புப் பெட்டி அணைந்திருந்தால் மற்றவை புதுப்பிப்புத் தேடும்போது பிழை காட்டும். முதலில் அதை ஏற்றிவிட வேண்டும். அதன் மேல் மஞ்சள் நாடா ஒட்டி வைத்திருக்கிறோம்.

மின்ட்டின் இன்னொரு துணை டைம்ஷிஃப்ட். கணினியின் அமைப்புக் கோப்புகளை ஒரு நிலையில் நகலெடுத்து வைத்து, வேண்டும்போது அந்த நிலைக்குத் திருப்பும். மின்ட் நிறுவும்போதே கூட வருகிறது, முதல் வரவேற்புத் திரையிலேயே இதை அமைத்துக்கொள்ளச் சொல்கிறது. உபுண்டுவிலும் நிறுவலாம், நான் நிறுவவில்லை, யாரும் நினைவூட்டவில்லை.

நவம்பரில் ஒரு நாள். இங்கே அந்த மாதத்தில் மத்தியானம் கழிந்தால் இடிதான். தங்கச்சி புதுப்பிப்பு ஓடவிட்டிருந்த நேரத்தில் இடி விழுந்து மண்டபத்துக் கரண்ட் டிரிப் ஆகிவிட்டது. பேட்டரி இல்லாத பெட்டி நடுவில் அணைந்தது. திரும்பப் போட்டால் கறுப்புத் திரை. உள்நுழையும் பக்கமே வரவில்லை. அலுவலக நேரத்தில் என்னை அழைத்தாள். அலமாரியில் இருக்கும் மின்ட் பென்டிரைவைச் செருகி அதிலிருந்து ஏற்றச் சொன்னேன். பட்டியலில் டைம்ஷிஃப்ட்டைத் திறந்து, வட்டைக் காட்டி, போன ஞாயிற்றுக்கிழமை நகலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு திரையையும் படமெடுத்து அனுப்பினாள். நான் சரி என்றால் அடுத்ததை அழுத்தினாள். இருபது நிமிடத்துக்குள் பழையபடி ஏறிவிட்டது. பிள்ளைகளின் கோப்புகள் அப்படியே இருந்தன, ஏனென்றால் டைம்ஷிஃப்ட் இயல்பாக அவர்களின் வீட்டுக் கோப்புறையைத் தொடாது. அதனாலேயே அது பிள்ளைகளின் பாடங்களுக்குக் காப்பு ஆகாது. அவற்றை வாரம் ஒரு முறை தனிப் பென்டிரைவில் எடுக்கிறோம். இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்: வானம் இருண்டால் புதுப்பிப்பைத் தொடாதே.

உபுண்டு யாருக்குப் பொருந்தும் என்றால், தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஃபைபர் உள்ள வீட்டில், ஓரளவு புதிய மடிக்கணினியில், புதுப்பிப்பைப் பற்றி யோசிக்கவே விரும்பாதவருக்கு. பாதுகாப்புப் புதுப்பிப்புகளை அது தானே போட்டுவிடும். மின்ட்டில் அதை நீங்கள் போய் இயக்கிவைக்க வேண்டும், கேடயத்தை யாரும் பார்க்காவிட்டால் கணினி பழசாகவே கிடக்கும். கவனிக்க ஆளில்லாத இடத்தில் இது மின்ட்டின் உண்மையான குறை. சொந்தப் பயனுக்கு ஐந்து கணினி வரை உபுண்டு புரோ இலவசம், அதில் ஆதரவு பத்தாண்டுக்கு நீளும். புதிய வன்பொருளில் இரண்டையும் வைத்து ஒப்பிட எனக்கு வாய்ப்பு வரவில்லை. நான் பார்த்ததெல்லாம் பத்து வயதை நெருங்கும் பெட்டிகள். மின்ட்டிலும் என் அனுபவம் ஓராண்டை எட்டவில்லை, அடுத்த பெரிய பதிப்புக்கு மாறும் வேலையை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை.

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸைப் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். அதிலும் ஸ்னாப் தொல்லை கிடையாது, நான் சொன்ன சேமிப்பு வழியும் அதில் நன்றாக ஓடும். என் வீட்டுக் கணினியில் அதுதான் இருக்கிறது. ஆனால் கேடயமும் எம்பி வரியும் டைம்ஷிஃப்ட்டும் தயாராகக் கையில் கிடைக்காது, எல்லாம் நான் கட்டித்தர வேண்டும். தங்கச்சிக்கு அதைக் கொடுக்க மாட்டேன்.

அந்த ஆறாவது பெட்டிக்கு வருகிறேன். அது அக்காவுடையது. தமிழ் வினாத்தாள் முழுக்க அதில்தான் தட்டுகிறார். பல ஆண்டாக நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் தட்டச்சு மென்பொருளில் பழகிய விரல்கள். உபுண்டுவில் பல மொழிகளில் தட்ட உதவும் ஐபஸ் நிரல் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. தமிழ் விசைமுறைகளைத் தரும் எம்17என் தொகுப்பை மட்டும் போட்டால் விசைப்பலகை அமைப்பில் தமிழ்99, ஒலிப்படி தட்டும் ஃபொனெட்டிக் இரண்டும் தெரியும். அஞ்சல் முறைக்கு ஃபொனெட்டிக் நெருக்கம், எல்லா விசையும் ஒன்றில்லை என்றாலும் ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. மின்ட் எக்ஸ்எஃப்சிஇயில் ஐபஸையே தனியாக நிறுவி, உள்ளீட்டு முறை என்ற இடத்தில் அதைத் தேர்ந்து, வெளியேறி உள்ளே வந்து, அப்புறம்தான் தமிழைச் சேர்க்க வேண்டும். மற்ற ஐந்திலும் அப்படித்தான் செய்தேன், வேலை செய்கிறது. தமிழ்த் தட்டச்சு என்று மட்டும் பார்த்தால் உபுண்டுதான் மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவருடையதையும் மாற்றித்தரட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம் தம்பி, இதுல எனக்கு ஓடுது, அரையாண்டுத் தேர்வு வருது” என்றார். விட்டுவிட்டேன். ஸ்னாப் புதுப்பிக்கும் நேரத்தை மட்டும் ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு என்று மாற்றி வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் நான் மண்டபத்தில் இருப்பேன், என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை அதற்குத் திறந்துவிடுவேன்.