கொரிய விசைப்பலகைக்கு டிரைவர் என்று சொல்லி என் 3,540 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்

டிரைவர் (கணினியோடு இணைக்கும் கருவியை இயங்கவைக்கும் மென்பொருள்) தரும் இணையவழிச் சேவை நிறுவனம் ஒன்று, என் கொரிய விசைப்பலகையைச் சரிசெய்து தருவதாகச் சொல்லி 3,540 ரூபாயைப் பறித்துக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கொரிய நிறுவனங்களில் பணிபுரிபவர்களும் கொரிய மொழி பயில்பவர்களும் ஏமாறக் கூடாது என்பதற்காகவே உடனே எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பு வேலைக்காக நான் தருவித்த அந்த விசைப்பலகையில், ஸ்பேஸ் பாருக்கு வலப்புறம் ஹங்குல் (கொரிய எழுத்து)–ஆங்கிலம் மாற்றும் விசையும் இடப்புறம் ஹன்ஜா (கொரிய மொழியில் வழங்கும் சீன எழுத்து) விசையும் உண்டு. மற்ற எழுத்துகள் ஒழுங்காக விழ, இவ்விரண்டு மட்டும் வேலை செய்யவில்லை. அந்த நிறுவனத்தை அழைத்துப் பேசியபோது, நான் விவரத்தைச் சொல்லி முடிப்பதற்குள்ளாகவே, "மேடம், உங்களுடையது 103/106 விசை வகை, கணினி அதை 101 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது" என்றார் அந்த ஊழியர். இந்த எண்கள் விசைப்பலகையில் உள்ள விசைகளின் எண்ணிக்கையைக் குறிப்பவை. அவர் சொன்னது முழுக்க உண்மை. விஷயம் தெரிந்தவர் என்று நம்பித்தான் பணத்தைச் செலுத்தினேன்.

பணம் போய்ச் சேர்ந்ததும் தொலைவிலிருந்தே என் கணினிக்குள் நுழைந்து, பச்சைப் பட்டை ஓடும் ஏதோ ஒரு மென்பொருளை நிறுவி, காலையில் சரியாகிவிடும் என்று கூறி இணைப்பைத் துண்டித்தார். காலையிலும் அவ்விரு விசைகளும் அசையவில்லை. திரும்ப அழைத்தால் மேலாளர் பேசுவார் என்றார்கள். மேலாளரோ புகார் எண் கேட்டார். புகார் எண்ணைக் கொடுத்தால், மென்பொருள் நிறுவப்பட்டுவிட்டதால் 3,540 ரூபாயில் ஒரு பைசாவும் திரும்பாது என்று பதில் வந்தது.

இத்தனைக்கும் அந்த டிரைவர் விண்டோஸுடனேயே இலவசமாக வருகிறது! மொழி அமைப்புகளில் கொரியனைச் சேர்த்து, அதன் விருப்பங்களில் விசைப்பலகை வகையை 103/106 என்று மாற்றி, கணினியை மறுதொடக்கம் செய்ததும் இரண்டு விசைகளும் இயங்கின. நோயை அவ்வளவு துல்லியமாகச் சொன்னவருக்கு இந்த மருந்து தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தே மறைத்து 3,540 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

சாதாரண 101 விசைப்பலகை வைத்திருப்பவர்கள் அதே இடத்தில் 101 விசையின் முதல் வகையை (Type 1) தேர்ந்தால் போதும். வலது ஆல்ட் விசையே ஹங்குலுக்கு மாற்றிவிடும். டிரைவர் தேடித் தரும் தளங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். முன்பின் தெரியாதவருக்குத் தொலை அணுகல் தராதீர்கள். ஏற்கெனவே தந்திருந்தால், அந்த மென்பொருளை நீக்கி, கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்குத் தெரிவித்துவிட்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள்.