ஒன்பது வருடமாக என் கையில் இருக்கும் சால்டரிங் அயன்

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், வீட்டுத் திண்ணையிலேயே ரிப்பேர் வேலை பார்க்கிறேன். பம்புசெட் ஸ்டார்ட்டர் போர்டு, இன்வெர்ட்டர், எல்இடி பல்பு என்று ஊரில் எது பழுதானாலும் இங்கேதான் வரும். போர்டில் பாகங்களை ஒட்டும் ஈயக் கலவையான சால்டரை உருக்கிவைக்கும் கருவிதான் சால்டரிங் அயன். இந்த ஒன்பது வருடத்தில் மூன்று அயன் மாற்றியிருக்கிறேன். புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது மலிவான 60 வாட். இரண்டு பின் பிளக், எர்த் கிடையாது. ஒருநாள் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தபோது விரலில் சுருக்கென்றது. டெஸ்டரை அயனின் சூடாகும் முனையான பிட்டில் வைத்துப் பார்த்தேன், விளக்கு எரிந்தது. உள்ளே கசிந்த மின்சாரம் பிட் வரைக்கும் வந்திருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் ஓர் இன்வெர்ட்டர் போர்டில் புதிதாகப் போட்ட மாஸ்பெட் (ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் பாகம்) காரணமே தெரியாமல் செத்துப்போனதும் இதனால்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். அன்றோடு அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மூன்று பின் இல்லாத அயனை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

இரண்டாவது 25 வாட். சின்ன போர்டுகளுக்கு இதுவே போதும். ஆனால் நம் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. குறுவை நடவு நேரத்தில் எல்லா மோட்டாரும் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் 180 வரைக்கும் இறங்கிவிடும். 230 வோல்ட்டுக்குச் செய்த 25 வாட் அயன் அப்போது 15 வாட் சூடுதான் கொடுக்கும். சால்டர் களி மாதிரி இழுக்கும், நாமோ அயனைக் குறை சொல்வோம். வெப்பத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஸ்டேஷன் ஒன்றை மூன்றாவதாக வாங்கியதற்கு இதுதான் காரணம். விலை கூடுதல்தான், ஆனாலும் தினமும் வேலை செய்கிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். மாதத்துக்கு ஒரு ஒயர் ஒட்டுகிறவருக்கு 25 வாட் தாராளம்.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளில் ரசத்துக்கென்றே ஓர் ஈயச் சொம்பு இருக்கும். வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் உருகி உட்கார்ந்துவிடும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகக்கூடியது. சால்டர் ஒயரிலும் அதே வெள்ளீயம்தான் 60 பங்கு. மீதி 40 பங்கு காரீயம். இரண்டும் சேர்ந்ததால் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பித்து 190க்குள் முழுதாக உருகிவிடும். பிட்டோ 350 டிகிரியில் இருக்கிறது. ஆகவே சால்டர் உருகுவது ஒரு விஷயமே இல்லை. உருகிவிட்டதாலேயே ஒட்டிவிட்டது என்று நினைப்பதில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது.

சூடாக வேண்டியது ஜாயின்ட். பிட்டின் பக்கவாட்டை போர்டின் செம்பு வட்டத்திலும் பாகத்தின் காலிலும் ஒரே நேரத்தில் படுமாறு வைக்க வேண்டும். ஒரு நொடி கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து ஒயரைக் கொடுத்தால், சால்டர் தானாகக் காலைச் சுற்றி ஓடும். முதலில் ஒயரை எடுக்க வேண்டும், அப்புறம் அயனை. மொத்தமே மூன்று நொடிதான். இறுகும்வரை அசைக்கக் கூடாது. நல்ல ஜாயின்ட் ஓரத்தில் சரிந்து, பளபளவென்று இருக்கும். உருண்டை கட்டி, மங்கலாக இருந்தால் அது டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத ஜாயின்ட். கஜா புயலுக்கு அப்புறம், 2018 நவம்பர் கடைசியில், நனைந்துபோன போர்டுகள் குவிந்தன. செம்பில் பச்சை பூத்திருந்ததைச் சுரண்டாமல் அவசரத்தில் சால்டர் வைத்த சிலவற்றை, அடுத்த மாதமே திரும்ப வாங்கிப் பிரித்துச் செய்ய வேண்டியிருந்தது. அழுக்கின் மேல் ஈயம் பிடிக்காது.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் போட்டுத் துடைத்துவிட்டுத்தானே பூசுவார்? பிட்டுக்கும் அதே கவனிப்பு வேண்டும். ஈரப் பஞ்சில் ஒரு துடைப்பு, உடனே கொஞ்சம் சால்டர். பஞ்சில் தண்ணீர் சொட்டக் கூடாது. அணைக்கும் முன் முனையில் சால்டர் தடவிவிட்டுத்தான் அணைக்க வேண்டும். இந்தக் கால பிட்டுகளில் செம்பின் மேல் இரும்புப் பூச்சு இருக்கும். அரத்தால் தேய்த்தால் பூச்சு போய்விடும், அப்புறம் சில நாளில் முனை குழி விழும். என் ஸ்டேஷன் பிட் இரண்டு வருடத்தைத் தாண்டி ஓடுகிறது.

பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் எல்இடி பல்பைப் பிரித்துக்கொண்டு வந்தார். “தம்பி, அரைமணி நேரமா வைக்கிறேன், இளகவே மாட்டேங்குது” என்றார். அந்த போர்டு அலுமினியம், சூட்டை எல்லாம் அதுவே குடித்துவிடும். “அண்ணே, அயன்மேல தப்பில்ல, தகட்டைக் கீழே இருந்து சூடு பண்ணணும்” என்று செய்து காட்டினேன். பல்பு டிரைவரில், அதாவது எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் போர்டில், இருக்கும் கெபாசிட்டரைப் பற்றியும் சொன்னேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

சால்டர் வைக்கும்போது வரும் புகை காரீயம் அல்ல, ஒயருக்குள் இருக்கும் குங்கிலியம் போன்ற பிசின் எரிவது. ஆனாலும் ஆஸ்துமாவைக் கிளப்பும். ஃபேன் காற்று ஜாயின்ட்டின் மேல் அடிக்காமல், புகையைப் பக்கவாட்டில் இழுக்கிற மாதிரி வையுங்கள். காரீயம் நம் உள்ளே போவது கை வழியாகத்தான். சோப்பு போட்டுக் கழுவாமல் ஒரு வாய் டீ கூடக் குடிக்காதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் சால்டர் துணுக்குகளை ஒன்று விடாமல் பொறுக்கிவிட வேண்டும்.

அயன் நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள். நான் பிடித்தேன், உள்ளங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்குப் பற்பசை தடவியது இன்னொரு தப்பு. ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டியிருக்க வேண்டும். இப்போது கனமான ஸ்டாண்டு ஒன்றைப் பலகையில் திருகி வைத்திருக்கிறேன்.

சித்திரை வெயிலில் எங்கள் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும்போது, கொல்லையில் இருக்கும் எர்த் குழியும் காய்ந்துவிடும். காய்ந்தால் மூன்றாவது பின் இருந்தும் பயனில்லை. அந்த வெயில் காலம் முழுக்க வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் அதில் ஊற்றிவிட்டுத்தான் திண்ணைக்கு வருகிறேன்.