டெல்லிக்குப் போற கணக்கு, ஊர்க்கூட்டத்துல படிக்கற கணக்கு

கோயமுத்தூர்ப் பக்கம் ஆனைகட்டி செக்போஸ்ட் தாண்டுனா அட்டப்பாடி, கேரளாவுல பழங்குடி ஊருங்க நிறைஞ்ச மலைப்பகுதி. இங்க வெளிநாட்டுப் பணம் ரெண்டு வழியில வந்து பாத்திருக்கேன். ஒண்ணு ட்ரஸ்ட்டுங்க வாங்கற நன்கொடை. இன்னொண்ணு 1996ல ஜப்பான் குடுத்த கடன், அதுல அஹாட்ஸ் (அட்டப்பாடி வளர்ச்சிக்குன்னு கேரள அரசு வெச்ச அமைப்பு) மூலமா நடந்த காடு, மண்ணு, தண்ணி மீட்பு வேலை, மொத்தத் திட்டம் 219 கோடி ரூபா.

நன்கொடைக் கணக்கு ரொம்ப கறார். எஃப்சிஆர்ஏங்கற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்த 2020ல திருத்துனதுக்கு அப்புறம் பணம் முதல்ல டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச்லதான் வந்து விழணும், நிர்வாகச் செலவு 20 சதவீதம் தாண்டக்கூடாது (முன்ன 50), வாங்குன பணத்த சின்ன அமைப்புக்கு மாத்திக் குடுக்கவும் முடியாது. திருட்டுக்கு பூட்டு போடறது சரிதான், ஆனா ஊருக்குள்ள பேர் சொல்லிக் கூப்பிடற அளவுக்குப் பழக்கம் இருக்கறது அந்தச் சின்ன அமைப்புங்களுக்குத்தான், அவங்களுக்குத்தான் வழி அடைஞ்சுபோச்சு.

நான் ஒரு ட்ரஸ்ட்ல நாலு வருஷம் ஃபீல்டு வேலை பாத்தேன். ஒரு ஊர்ல அடிபம்பு போட்டு போட்டோ, பில்லு, ஜிபிஎஸ் எல்லாம் அனுப்பியாச்சு. அஞ்சாம் மாசம் கைப்பிடி உடைஞ்சுது. ஆபீஸ்ல கேட்டா அந்த ப்ராஜெக்ட் க்ளோஸ் ஆயிடுச்சு, ரிப்பேருக்கு காசு இல்லைங்கறாங்க. அந்த ஊர்ப் பாட்டி ஒருத்தங்க எங்கிட்ட, "கண்ணு, போட்டோ எடுத்தது நீதானே"ன்னாங்க. எனக்கு பதில் வரல. ஆடிட்ல அந்த பம்புக்கு ஒரு குறையும் இல்ல.

அஹாட்ஸ் வேலைய ஊரு விகசன சமிதிங்க கையில குடுத்தாங்க, அந்தந்த ஊர்க்காரங்களே சேந்த வளர்ச்சிக் குழு. நான் உக்காந்திருந்த ஒரு கூட்டத்துல தடுப்பணைக் கணக்கு படிச்சப்ப, ஒரு அக்கா எந்திரிச்சு, பத்து லோடு கல்லுன்னு எழுதிருக்கீங்க, லாரி எங்க வாசல் வழியாத்தான் போவும், நான் ஏழுதான் எண்ணுனேன்னாங்க. கணக்கு அங்கயே நின்னுபோச்சு. அந்தக் கேள்விய டெல்லில இருந்தோ டோக்கியோல இருந்தோ யாரும் கேக்க முடியாது. வத்திக் கிடந்த கொடுங்கரைப் பள்ளம்ங்கற ஆத்துல மறுபடி தண்ணி ஓடுனதுக்கு அந்த வேலைங்கதான் காரணம்னு இங்க சொல்லுவாங்க.

இதுலயும் ஓட்டை இருக்கு. பழக்கம் இருக்கற இடத்துல சொந்தக்காரனுக்கு கூலி முதல்ல எழுதறதும் நடக்கும், சத்தமா பேசத் தெரியாதவங்க பேரு விட்டும்போகும். அதனால பில்லும் ஆடிட்டும் வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன்.

ஆனா ஒண்ணத்தான் எடுக்கணும்னா எனக்கு ஊர்க்கூட்டம்தான். அடுத்து பணத்தோட யார் வந்தாலும், டெல்லிக்கு அனுப்பற அதே கணக்க எங்க ஊர்லயும் தமிழ்லயும் மலையாளத்துலயும் சத்தமா படிங்க, பம்பு கைப்பிடிக்குன்னு கொஞ்சம் காசு ஒதுக்கி வெச்சுட்டு ப்ராஜெக்ட்ட மூடுங்க.